தலை யாருக்கு, நடுத்துண்டு யாருக்கு? மீனில் எதைச் சாப்பிடலாம், எதைத் தூக்கிப் போடணும்?

ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னை காசிமேட்டில் மீன் வாங்குவது பாதி வேலைதான். மீதி வேலை, அதை வெட்டி வாங்குவது. கத்தியோடு உட்கார்ந்திருக்கும் அக்கா செதிலைச் சுரண்டுகிறார், வயிற்றைக் கீறுகிறார், ஒரே இழுப்பில் குடலை வெளியே எடுத்துப் போடுகிறார். கை நிற்காமலேயே ஒரு கேள்வி வருகிறது: "தலை வேணுமா, வேணாமா?"

பதில் சொல்ல இரண்டு விநாடிதான் கிடைக்கும். பின்னால் நாலு பேர் பையோடு நிற்கிறார்கள். "வேணாம்க்கா, போட்டுடுங்க" என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். தலை ஓரமாகப் போகிறது. அதோடு சேர்ந்து சினையும் போகும். சில சமயம் ஈரலும் போகும். எடை போட்டது என்னவோ முழு மீனுக்குத்தான். கட்லா மாதிரி தலை பெருத்த மீனில் தலை மட்டுமே மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. காசு கொடுத்து வாங்கியதில் அவ்வளவையும் விட்டுவிட்டு வருகிறோம்.

ஆப்பில் ஆர்டர் செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியே வருவதில்லை. சுத்தம் செய்து, துண்டு போட்டு, டப்பாவில் அடைத்து வருகிறது. வசதிதான். ஆனால், மீன் என்றால் முள்ளில்லாத வெள்ளைத் துண்டு என்று நினைத்தே ஒரு தலைமுறை வளர்கிறது. மீனில் எந்தப் பகுதி ருசி, எந்தப் பகுதி சத்து, எதைத் தொடவே கூடாது என்பது பாட்டிகளோடு போய்விடும்போல் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். மீனுக்குள் உயிருக்கே உலை வைக்கும் பகுதியும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் தலை

தலையில் என்ன இருக்கிறது, எல்லாம் எலும்புதானே என்பவர்கள் கன்னத்தைச் சாப்பிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணுக்குக் கீழே, செவுள் மூடிக்கு முன்னால் இருக்கும் சின்ன உருண்டைச் சதை அது. முள் கிடையாது, மிருதுவாக இருக்கும், குழம்பை நன்றாக இழுத்துக்கொள்ளும். ஒரு மீனுக்கு இரண்டே இரண்டு துண்டுதான் கிடைக்கும் என்பதால் வீட்டில் சண்டை வருவதும் உண்டு. தலையும் உடம்பும் சேரும் கழுத்துப் பட்டைச் சதையும் அப்படித்தான். கொழுப்பு இருப்பதால் வறுத்தாலும் சக்கையாகாது.

அடுத்தது கண். மீன் கண் சாப்பிட்டால் பார்வை கூர்மையாகும் என்று பிள்ளைகளுக்கு ஊட்டுவார்கள். அப்படி ஒரு மாயம் எதுவும் இல்லை. ஆனால், கண்ணைச் சுற்றி இருக்கும் கொழகொழப்பான கொழுப்பில் டி.எச்.ஏ என்ற ஒமேகா 3 கொழுப்பு இருக்கிறது. சூரை மீனில் இது ரொம்பவே அதிகம். நம் மூளையிலும் விழித்திரையிலும் இருப்பது இதே கொழுப்புதான். நடுவில் வரும் கெட்டியான வெள்ளை உருண்டை கண்ணின் லென்ஸ். அதை மென்று பல்லைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், துப்பிவிடலாம்.

தலைக்குழம்பு சரியாக வர இரண்டு விஷயம் போதும். ஒன்று, செவுளைத் துளிகூட இல்லாமல் எடுத்துவிட்டு, கல் உப்பும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். நீச்ச வாடை வருவது பெரும்பாலும் செவுளிலிருந்துதான். இரண்டு, குழம்பு கொதித்ததும் தலையை முதலில் போட வேண்டும். அது பாதி வெந்த பிறகு மற்ற துண்டுகள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் தலை வேகாது, இல்லையென்றால் துண்டு கரைந்துவிடும்.

சிங்கப்பூருக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் மீன் தலைக்கறியைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். அந்த ஊரின் அடையாள உணவுகளில் ஒன்றாகிவிட்ட அதை, 1949 வாக்கில் கேரளத்திலிருந்து போன எம்.ஜே.கோமஸ் என்பவர் தன் கடையில் அறிமுகப்படுத்தியதாகச் சொல்கிறார்கள். சீனர்களுக்கு மீன் தலை என்றால் உயிர். நம் ஆட்களுக்குக் காரமும் புளிப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே சட்டியில் சேர்த்ததுதான் அவர் செய்த வேலை. இன்று லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோட்டில், சட்டி நிறைய ஒற்றைத் தலையோடு வரும் அந்தக் கறிக்காக எல்லா இனத்தவரும் வந்து உட்காருகிறார்கள். இங்கே ஓரமாகத் தள்ளும் அதே தலைதான்.

'எனக்குத் தலைதான் பிடிக்கும்'

பல வீடுகளில் மீன் குழம்பு பரிமாறுவதில் எழுதி வைக்காத ஒரு வரிசை உண்டு. நடுத்துண்டு அப்பாவுக்கு. அடுத்தது பையனுக்கு. முள் எடுத்த சதை சின்னக் குழந்தைக்கு. எல்லோரும் எழுந்த பிறகு சட்டியில் மிஞ்சும் தலையும் வாலும் அம்மாவுக்கு. "எனக்குத் தலைதான் பிடிக்கும்" என்று அம்மா சொல்வார். உண்மையிலேயே பிடித்ததா, மிஞ்சியது அதுதான் என்பதால் பிடித்துப்போனதா என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

வங்காளத்தில் கதையே வேறு. அங்கே ரோகு தலை மரியாதைக்குரிய துண்டு. ஜமாய் ஷஷ்டி அன்று விருந்துக்கு வரும் மாப்பிள்ளையின் தட்டில் அதை வைப்பார்கள். பாசிப்பருப்போடும் அரிசியோடும் தலையைச் சேர்த்துச் சமைப்பது அங்கே விசேஷச் சமையல். ஒரு வீட்டில் மிச்சம், இன்னொரு வீட்டில் விருந்து. மீன் என்னவோ ஒன்றுதான்.

தலை பிடித்தால் அம்மா தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடுத்துண்டை முதலில் அவர் தட்டில் வைத்துப் பாருங்கள். என்ன சொல்கிறார் என்று தெரிந்துவிடும்.

வயிறு, நடு, வால்

நடுத்துண்டுக்கு இவ்வளவு கிராக்கி இருக்கக் காரணம் அதன் வசதி. வஞ்சிரத்தில் நடுவில் ஒரே ஒரு முள் வட்டம், சுற்றிலும் சதை. வறுக்கவும் எளிது, பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் பயமில்லை. ருசியில் பார்த்தால் வயிற்றுப் பக்கம்தான் ஒரு படி மேல். மீன் தன் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. குழம்பில் மேலே மிதக்கும் எண்ணெயில் கொஞ்சம் அங்கிருந்து வந்ததுதான். ஒமேகா 3 வேண்டும் என்று மாத்திரை வாங்குகிறவர்கள் வயிற்றுத் துண்டை ஒதுக்கி வைப்பதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

வால் பக்கம் எப்போதும் ஆடிக்கொண்டே இருப்பதால் சதை இறுக்கமாக இருக்கும். குழம்பைவிட வறுவலுக்குத்தான் சரி. ரோகு, கட்லாவில் வால் பக்கம் பொடி முள் நிறைய. குழந்தைகளுக்கு அது வேண்டவே வேண்டாம். தொண்டையில் முள் மாட்டினால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வது நம் வழக்கம். அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்திவிடக்கூடும். இருமியும் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போவதுதான் சரி.

சூரை, அயிலை போன்ற மீன்களில் நடு முள்ளை ஒட்டியும் பக்கவாட்டிலும் கறுஞ்சிவப்புச் சதை இருக்கும். கெட்டுப்போன இடம் என்று நினைத்துப் பலர் வெட்டிப் போடுகிறார்கள். கெட்டது இல்லை. ஓயாமல் நீந்தும் மீன்களுக்கு அங்கே இரத்த ஓட்டம் அதிகம், அதனால் இரும்புச்சத்தும் அதிகம். வாசம் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான். ஒரே நிபந்தனை, மீன் ஐஸ் குறையாமல் வந்திருக்க வேண்டும். இந்த வகை மீன்கள் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். அது கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, தோல் தடிக்கும். வாயில் வைத்ததும் மிளகு கடித்ததுபோல் சுரீரென்று இருந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

முள்ளும் தோலும்

பால் பிடிக்காத வீடுகளுக்கு ஒரு நல்ல செய்தி நெத்திலியும் மத்தியும். சாளை என்றும் சொல்வோமே, அதே மத்தி. முள்ளோடு சாப்பிட்டால் இவற்றில் கிடைக்கும் கால்சியம் கொஞ்சநஞ்சமல்ல. டப்பாவில் அடைத்து வரும் மத்தியில், முள்ளோடு சேர்த்து, 100 கிராமுக்கு ஏறக்குறைய 380 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் சுமார் 120 மில்லிகிராம்தான். முள்ளை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் சாப்பிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. நெத்திலியை மொறுமொறுவென்று வறுத்தால் முள் இருப்பதே தெரியாது. மத்தியைப் புளி, பூண்டு, மிளகாய்த்தூளோடு குக்கரில் வைத்து, சிறு தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம் விட்டால் முள் கையால் நசுக்கும் அளவுக்கு இளகிவிடும்.

செதிலை நன்றாகச் சுரண்டிய மீனின் தோலை உரிக்க வேண்டியதில்லை. தோலுக்கு அடியில்தான் கொழுப்பும் இருக்கிறது, வறுக்கும்போது சதை உடையாமல் காப்பதும் அதுதான். சுறாவுக்கு மட்டும் விதிவிலக்கு. அதன் தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அதனால்தான் சுறாப் புட்டுக்கு மீனை முதலில் வேகவைத்து, தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகு உதிர்க்கிறோம்.

பால் கொடுக்கும் தாய்க்குச் சுறாப் புட்டு செய்து தருவது கடலோர வழக்கம். இதில் ஒரு எச்சரிக்கை. பெரிய மீன்கள் சின்ன மீன்களைத் தின்று வளர்வதால் உடம்பில் பாதரசம் சேரும். அது சதையிலேயே கலந்திருக்கும். தோலை உரித்தாலும் கொழுப்பை நீக்கினாலும் போகாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. அவர்களுக்குச் சுறாவுக்குப் பதிலாக நெத்திலி, மத்தி கொடுத்தால் சத்தும் குறையாது, பயமும் இல்லை.

சினை, ஈரல், நெட்டி

சினை கிடைத்தால் அன்று வீட்டில் திருவிழா. புரதம் நிறைய, வைட்டமின் டி-யும் உண்டு. கொலஸ்ட்ராலும் அதிகம் என்பதால் தினமும் சாப்பிடும் பொருள் இல்லை. யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்கள் சினையையும் ஈரலையும் மட்டுமல்ல, நெத்திலி, மத்தியையும்கூட அளவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சினையை அப்படியே சூடான எண்ணெயில் போட்டால் பட்டாசுபோல் வெடிக்கும், முகத்தில் தெறிக்கும். மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் ஐந்து நிமிடம் வேகவைத்து, ஆறியதும் வில்லையாக நறுக்கி, மசாலா தடவி வறுத்தால் அந்தத் தொல்லை இல்லை. பை உடைந்துபோன சினையை வீணாக்க வேண்டாம். சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை வதக்கி, அதில் உதிர்த்துப் போட்டுக் கிளறினால் முட்டைப் பொடிமாஸ் தோற்றுவிடும்.

ஈரல் எல்லா மீனிலும் எடுத்துச் சமைக்கும் அளவுக்கு இருக்காது. திருக்கை போன்றவற்றில் பெரிதாக இருக்கும். வைட்டமின் ஏ அதில் கொட்டிக் கிடக்கிறது. அதனாலேயே கர்ப்பிணிகள் ஈரலையும் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெயையும் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

நெட்டி என்பது மீனின் காற்றுப்பை. மீன் தண்ணீரில் மிதக்க உதவும் வெள்ளைப் பை. கூறல் மீன் வலையில் விழுந்தால் பாம்பன் பக்கம் அது செய்தியாகவே வரும். சதைக்காக இல்லை, இந்த நெட்டிக்காக. காயவைத்த நெட்டியைச் சீனர்கள் சூப்புக்குப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். பீர், ஒயினைத் தெளியவைக்கவும் மீன் நெட்டி பயன்பட்டிருக்கிறது. குஜராத் மாநிலம் 2023-ல் கோல் என்ற மீனை மாநில மீனாக அறிவித்ததே, அது இந்தக் கூறல் இனம்தான். நம் வீட்டுக்கு வரும் மீன்களின் காற்றுப்பை சின்னது. கழுவிக் குழம்பில் போட்டால் ரப்பர்போல் மென்று தின்னலாம். சிலருக்குப் பிடிக்கும்.

தூக்கிப் போட வேண்டியவை

செவுள், குடல் இரண்டும் வேண்டாம். செவுள் தண்ணீரில் உள்ள அழுக்கும் கிருமியும் தங்கும் இடம். முதலில் கெட்டுப்போவதும் அதுதான். வெட்டும் முன் அதைத் திறந்து பார்த்து, இரத்தச் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். தலையோடு முழு மீனாக வாங்குவதில் இருக்கும் லாபம் இது. கண் தெளிவாகப் புடைத்திருக்கிறதா, செவுள் பழுப்பாகிவிட்டதா என்பதெல்லாம் தலையில்தான் தெரியும். துண்டு போட்ட மீன் தன் வயதைச் சொல்லாது.

சில மீன்களின் வயிற்றுக்குள் கறுப்புச் சவ்வு ஒட்டியிருக்கும். விஷம், கழிவு என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது வெறும் நிறமிதான். கசப்பும் வாடையும் இருப்பதால் தேய்த்து எடுத்துவிடுவது நல்லது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது பித்தப்பைக்கு. ஈரலோடு ஒட்டி, பச்சை நிறத்தில், சின்னக் கோலிக்குண்டு மாதிரி இருக்கும். வெட்டும்போது உடைந்தால் சதை கசந்துவிடும் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாத பக்கம் கொடுமையானது. ரோகு, கட்லா, புல்கெண்டை உள்ளிட்ட கெண்டை இன மீன்களின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கினால் சர்க்கரை குறையும், ஆஸ்துமா போகும், மூட்டு வலி தீரும் என்று ஒரு நம்பிக்கை சில இடங்களில் இருக்கிறது. விழுங்கியவர்கள் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்ததை இந்தியா, சீனா, வியட்நாம் எனப் பல நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நடப்பது இதுதான். விழுங்கிய சில மணி நேரத்தில் வாந்தி, பேதி, வயிற்று வலி. ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அடுத்த ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் குறைகிறது, முகமும் காலும் வீங்குகின்றன. அந்தப் பித்தத்தில் இருக்கும் சைப்ரினால் என்ற பொருள் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்குகிறது. வேகவைத்தாலும் அது அழிவதில்லை. உடனே மருத்துவமனைக்குப் போய் டயாலிசிஸ் கிடைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடுகிறார்கள். ஆனால், மீன் பித்தப்பையை விழுங்கியதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு மருந்து என்று நினைத்துச் செய்தது சிறுநீரகத்தையே கேட்கும் என்பது, இதை நம்பும் தாத்தா பாட்டிகளுக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி.

பேத்தை மீனின் விஷமும் சமைத்தால் போவதில்லை. ஊதிப் பெருக்கும் அந்த மீனின் ஈரலிலும் சினையிலும்தான் அது உச்சம். ஜப்பானில் பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவர்கள் மட்டுமே அதைச் சமைக்கலாம். அங்கேயே 1975-ல் புகழ்பெற்ற கபுகி நடிகர் பாண்டோ மிட்சுகோரோ, கியோட்டோ உணவகம் ஒன்றில் அதன் ஈரலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு இறந்துபோனார். நம் மீனவர்கள் இதை வலையிலிருந்து எடுத்து வீசுவது சும்மா இல்லை. பவளப்பாறைகளில் வாழும் மிகப் பெரிய களவா போன்ற மீன்களிலும் சில நேரம் ஒருவகை நஞ்சு சேர்வதுண்டு. சதையைவிடத் தலை, ஈரல், சினையில் அது அதிகம். அதனால் தலைக்குழம்புக்கு ராட்சத அளவு மீனைத் தேட வேண்டாம். ஒன்றரை, இரண்டு கிலோ மீனின் தலை ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

அடுத்த முறை கத்தி முன்னால் நிற்கும்போது, அக்கா கேட்பதற்கு முன் நாம் சொல்லிவிடலாம். "தலையை ரெண்டாப் பொளந்து செவுளை எடுத்துடுங்கக்கா. சினை இருந்தா தனியா வைங்க. பித்தம் உடையாமப் பார்த்துக்குங்க."

குடலைக் கேட்க வேண்டாம். அதற்கு ஏற்கெனவே இரண்டு பூனைகள் காத்திருக்கின்றன.